மலிவுத் தாளில் வந்த மர்மக் கதைகள்

ஈழத்தில் எழுந்த முதல் தமிழ் நாவலில் ஒரு குழந்தை களவு போகின்றது. கண்டியைச் சேர்ந்த வழக்கறிஞர் சித்திலெவ்வை 1885ஆம் ஆண்டில் வெளியிட்ட 'அசன்பேயுடைய கதை' அது. எகிப்து தேசத்துப் பிரபு குடும்பத்திற் பிறந்த மகவு கடத்தப்பட்டு, பம்பாயில் வளர்ந்து, ஆபத்துகள் பலவற்றைக் கடந்து தன் பிறப்பை அறிகின்றது. 1891இல் திருகோணமலை இன்னாசித்தம்பி எழுதிய 'ஊசோன் பாலந்தை கதை'யிலோ இரட்டைப் பிள்ளைகள் பிரிகின்றனர். ஒருவனைக் கரடி வளர்க்கின்றது. ஐரோப்பாவில் நெடுங்காலம் வழங்கிய கதையொன்றின் தழுவல் அது. 1895இல் அதே திருகோணமலையைச் சேர்ந்த சரவணமுத்துப்பிள்ளை சென்னையில் வெளியிட்ட 'மோகனாங்கி', நாயக்கர் காலத்து அரசிளங்குமரி ஒருத்தியின் காதலைக் கூறுவது. சாகசம், அற்புதம், சரித்திரக் காதல் ஆகிய மூன்றும் பத்தே ஆண்டுகளில் வந்துவிட்டன.

இலக்கிய வரலாறு எழுதுவோர் இம்மூன்று நூல்களையும் மரியாதையுடன் பட்டியலின் தலையில் வைப்பர். ஆனால் அதே குடும்பத்துப் பிள்ளைகள் பின்னர்ச் சென்னையிலிருந்து மட்டமான தாளில் அச்சாகி வந்தபோது, அவர்களைத் திண்ணையிலேயே நிறுத்திவிட்டோம்.

மேனாட்டிலும் இதுவே கதை. 1896இல் அமெரிக்காவின் 'ஆர்கசி' என்னும் சஞ்சிகை, மரக்கூழிற் செய்த மலிவுத் தாளில் கதைகளை மட்டுமே தாங்கி வந்தது. அத்தாளின் பெயரே அவ்வகைக் கதைகளுக்கும் பெயராயிற்று. துப்பறிதலுக்கு ஒன்று, பேய்க் கதைக்கு ஒன்று, விஞ்ஞானக் கற்பனைக்கு ஒன்று எனச் சஞ்சிகைகள் பெருகின. தமிழில் இத்தகைய பாகுபாடு ஏற்படவில்லை. ஒரே நாவலுக்குள் கொலையும், காதலும், மாறுவேடமும், மாமியார் கொடுமையும், இடையிடையே நீதியுபதேசமும் அடங்கியிருக்கும். கொடுத்த காசுக்கு நான்கு நூல்களின் சுவை கிடைத்தால் எவர்தாம் வேண்டாமென்பர்?

இத்துறையில் முதலிற் பெரும் புகழ் பெற்றவர்களுள் ஒருவர் ஜே. ஆர். ரங்கராஜு. இவருடைய 'ராஜாம்பாள்' 1908இல் வெளிவந்தது. இளம்பெண் ஒருத்தியை முதியவர் ஒருவருக்கு மணமுடிக்க ஏற்பாடாகின்றது. அவள் காணாமற் போகின்றாள்; எரிந்த பிணம் ஒன்று கிடைக்கின்றது; அவளை விரும்பிய இளைஞன் மேல் கொலைக் குற்றம் சுமத்தப்படுகின்றது. அப்போது துப்பறியும் கோவிந்தன் வருகின்றார். வாசகர் மூச்சடக்கிப் படித்தது கொலையாளி யாரென்று அறியவே. ஆயினும் கதையின் வேர் எங்கே இருக்கின்றதென்று பார்த்தல் வேண்டும். கிழவர்க்குக் குமரியைக் கட்டிவைக்கும் வழக்கமே அங்கு முதற் குற்றவாளி. சீர்திருத்தச் சொற்பொழிவுக்குச் செவிகொடாத குடும்பத்தினரும் இக்கதையை விளக்கு வெளிச்சத்தில் விடியுமட்டும் படித்தனர்.

வடுவூர் துரைசாமி ஐயங்கார் இதில் இன்னும் கைதேர்ந்தவர். அவருடைய 'மேனகா' மருமகளின் துயரத்தை வைத்துப் பின்னிய மர்மக் கதை. 1935இல் திரைப்படமும் ஆயிற்று. அவர் படைத்த திகம்பர சாமியாரோ துறவியின் பெயர் தாங்கிய துப்பறிவாளர். ஆரணி குப்புசாமி முதலியார் ரெயினால்ட்ஸ் போன்ற ஆங்கில ஆசிரியர்களின் கதைகளைத் தமிழாடை உடுத்தித் தந்தார். பெண்களில் வை. மு. கோதைநாயகி அம்மாள் 1925 முதல் 'ஜகன்மோகினி' சஞ்சிகையை நடத்தி, 115 நாவல்கள் எழுதினார். பிற்காலத்தில் தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீர் குடித்துக்கொண்டே உலக நகரங்களிலெல்லாம் துப்பறிந்தார். தேயிலை நாட்டு வாசகருக்கு அவர் அந்நியராகத் தோன்றியிருக்க மாட்டார்!

இவற்றிற் குறையில்லை என்பதன்று. தழுவியதை மறைத்த நூல்கள் உண்டு. ஒரு பக்கத்துச் செய்தியை ஐந்து பக்கத்துக்கு இழுத்தவை மிகப் பல. ஆனால் அத்தியாயத்தின் முடிவில் வாசகரை அந்தரத்தில் நிறுத்தி, 'பிறகு என்ன?' என்று கேட்கவைக்கும் வித்தை எளிதானதன்று. அந்தக் கேள்விக்காகவே எழுத்துக்கூட்டிப் படித்தவர் சரளமாகப் படிக்கலாயினர். புராண படனத்துக்குப் பேர்போன யாழ்ப்பாணத்தில் நாவல் வாசிப்பு நேரக்கேடு என்ற எண்ணம் வலுத்திருந்தது. அதனால் இவை பாடப்புத்தகத்தின் நடுவிலும் தலையணையின் கீழும் வாழ்ந்தன. இரவலாக வீடுவீடாகச் சென்றன. 1970களில் தமிழகத்துச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட காலத்தில், வீரகேசரி நிறுவனம் மலிவு விலையில் நாவல்களை வெளியிட்டது. செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று', பாலமனோகரனின் 'நிலக்கிளி' ஆகிய இரண்டும் 1973இல் அவ்வாறு வந்தவை. நல்ல நாவல்களுக்கு அன்று காத்திருந்த வாசகர் கூட்டம், மர்மக் கதைகளாற் பழக்கப்பட்ட கூட்டமுமாகும்.

இன்று இந்நூல்கள் எங்கே? மலிவுத் தாளில் உள்ள அமிலமே அதனைத் தின்கின்றது. முதலிற் பழுப்பாகிப் பின் மடித்த இடத்தில் ஒடிகின்றது. எஞ்சியவற்றைக் கறையான் கொண்டது. யுத்த காலத்து இடப்பெயர்வுகள் கொண்டன. கடைகளிற் சரை சுற்றவும் போயின. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் சுமார் 97,000 நூல்களுடன் எரிந்தபோது, ஓலைச்சுவடிகளையும் அரிய நூல்களையும் நினைத்து வருந்தாதவர் இல்லை. மலிவு நாவல்களை நினைத்தவர் அரியர். பேரிலக்கியத்துக்கு வேறெங்காவது மறுபிரதி இருக்கும். கௌரவமில்லாத நூலுக்கோ நூலகத்தில் இடமில்லை, ஆதலின் மறுபிரதியும் இல்லை.

தமிழகத்தில் இவற்றைக் காத்தவர் பேராசிரியர் அல்லர். கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிவந்த ரோஜா முத்தையா, பிறர் கழித்த நாவல்களையும் நாடக நோட்டீசுகளையும் ஆயுள் முழுதும் சேர்த்தார். அவர் மறைந்தபின் அத்தொகுதியைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்க, 1994இல் சென்னையில் அது ஆராய்ச்சி நூலகமாயிற்று. ஈழத்து நூல்களை எண்ணிம வடிவிற் காக்கும் பணியை நூலகம் நிறுவனம் 2005 முதல் செய்துவருகின்றது. யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளின் பரண்களிலும் பெட்டகங்களிலும் இன்னும் சில கட்டுகள் கிடக்கக்கூடும். அவற்றை எடுப்போர் கடைசித் தாள்களைக் கவனித்து எடுத்தல் நன்று. மலிவுக் கட்டடத்தில் முதலிற் கழன்று விழுபவை அவையே. கொலையாளியின் பெயரும் அங்கேதான் இருக்கும்.