கேள்வியோடு தொடங்கும் விருந்து

விருந்துக்கு அமர்ந்தவர் முன்னே உணவு வந்ததும் உண்ணத் தொடங்குவதே எங்கும் உள்ள வழக்கம். ஆனால், உற்றாரும் நண்பரும் மேசையைச் சூழ்ந்து அமர்ந்திருக்க, அடுக்களையிலிருந்து வரும் மணம் பசியைத் தூண்டிக்கொண்டிருக்க, அவ்வீட்டின் கடைக்குட்டிப் பிள்ளை கேள்வி கேட்ட பின்னரே நடைபெறும் விருந்தொன்று உலகில் உண்டு. யூத மக்கள் பஸ்கா விழாவின் முதல் நாள் இரவிலே தம் இல்லங்களில் நடத்தும் ‘சேதர்’ என்னும் விருந்தே அது.

அன்றைய உணவில் மட்டும் ஏன் இத்தனை மாற்றங்கள் என்று பிள்ளை வினவும். பெரியோர் விடை கூறுவர். அவ்விடை ஒரு சொல்லில் முடிவதன்று. எகிப்து நாட்டிலே அடிமைகளாய் உழன்ற தம் முன்னோர், மோசேயின் தலைமையில் விடுதலை பெற்று வெளியேறிய வரலாறு முழுவதுமே விடையாகும். வீட்டிற் பிள்ளை இல்லையெனின் பெரியவர் ஒருவர் கேட்பார். தன்னந்தனியே இருப்பவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது அவர்தம் விதி. கேள்வி இன்றேல் விருந்து இல்லை.

இவ்வழக்கம் வேரூன்றியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. கி.பி. 70ஆம் ஆண்டிலே உரோமர் எருசலேம் நகரின் பெருங் கோயிலை அழித்தனர். கோயில் போயிற்று, பலியிடும் பீடமும் போயிற்று. காலப்போக்கில் யூதர் பல நாடுகளிலும் சிதறி வாழ்ந்தனர். அந்நிலையில் அவர்களுக்குப் பீடமாய் அமைந்தது வீட்டு மேசையே. தம் வரலாற்றை அவர்கள் ஏட்டில் எழுதியதோடு நில்லாது நாவிலும் எழுதி வைத்தனர் என்று கூறலாம்.

புளிப்பை அகற்றும் நாட்கள்

பஸ்கா வருவது மார்ச் அல்லது ஏப்ரில் மாதத்திலாகும். இஸ்ரேலில் ஏழு நாட்களும், பிற நாடுகளில் வழக்கப்படி எட்டு நாட்களும் இவ்விழா நீடிக்கும். அந்நாட்களிற் புளித்த மாவினாலான எதுவும் வீட்டில் இருத்தல் ஆகாது. ஆகவே, பல நாட்களுக்கு முன்னரே அலுமாரிகளும் அடுப்புகளும் பெட்டிகளும் துப்புரவாக்கப்படும். ஆண்டு முழுவதும் புழங்கிய பாத்திரங்கள் ஒதுக்கப்பட்டு, பஸ்காவுக்கென்றே வைத்திருக்கும் பாத்திரங்கள் வெளியே வரும். விழாவுக்கு முந்திய இரவில் தந்தையும் பிள்ளைகளும் மெழுகுதிரி ஏந்தி, மூலை முடுக்கெல்லாம் பாண் துகள் தேடுவர். தேடுவோர் வெறுங்கையராய்த் திரும்பாதிருக்க, முன்கூட்டியே பத்துத் துண்டுகளை ஒளித்து வைப்பதும் உண்டு. அகப்பட்டவற்றை மறுநாட் காலையில் எரித்துவிடுவர். பிள்ளைகளுக்கு இது பெரியதொரு விளையாட்டு. பல்லாண்டு கழிந்தும் மறவாத நினைவு.

பாணுக்கு மாற்றாக உண்பது ‘மத்சா’ என்னும் மெல்லிய, மொறுமொறுப்பான ரொட்டியாகும். மாவும் நீருமன்றி வேறெதுவும் அதிற் சேராது. மாவில் நீர் பட்டதிலிருந்து 18 நிமிடங்களுக்குள் அதனைச் சுட்டெடுத்துவிட வேண்டும். தாமதித்தால் மா புளிக்கத் தொடங்கிவிடும் என்பது விதி. எகிப்தை விட்டு விரைந்து புறப்பட்ட முன்னோர்க்கு மாப் புளிக்கும்வரை காத்திருக்க நேரம் இருக்கவில்லை என்ற செய்தியை அந்த ரொட்டி ஆண்டுதோறும் சொல்லிக்கொண்டே இருக்கின்றது.

தட்டில் ஒரு வரலாறு

சேதர் என்ற எபிரேயச் சொல்லுக்கு ஒழுங்கு என்பது பொருள். அவ்வொழுங்கின் நடுவே ஒரு தட்டு இருக்கும். அதிலே காரமிக்க குதிரைமுள்ளங்கி வேரோ, கசப்பான சலாது இலையோ வைக்கப்பட்டிருக்கும். அது அடிமை வாழ்வின் கசப்பு. பச்சிலை ஒன்றை, அல்லது அவித்த உருளைக்கிழங்கை, உப்பு நீரில் தோய்த்து உண்பர். அந்நீர் முன்னோர் வடித்த கண்ணீர். பழமும் பருப்பும் கலந்து அரைத்த ‘ஹரோசெத்’ என்னும் இனிய கலவை, கட்டட வேலையில் அவர்கள் சுமந்த சாந்தைக் குறிக்கும். சுட்ட எலும்பும் முட்டையும் அழிந்துபோன கோயிலிற் செலுத்திய பலிகளின் நினைவு. கசப்பான இலையை அந்த இனிய கலவையில் தோய்த்தே உண்ணுதல் வழக்கம். நான்கு முறை திராட்சை மது அருந்துவர். எலியா தீர்க்கதரிசிக்கென ஒரு கிண்ணம் நிரப்பி, வாயிற் கதவையும் திறந்து வைப்பர்.

நெடுநேரம் விழித்திருக்கும் சிறுவர்க்கும் ஒரு வேலை உண்டு. குடும்பத் தலைவர் ஒரு மத்சாவை உடைத்து, பெரிய பாதியைத் துணியிற் சுற்றி ஒளித்து வைப்பார். அதனைக் கண்டெடுக்கும் பிள்ளைக்குப் பரிசு கிடைக்கும். கடைசியாக உண்ண வேண்டியது அத்துண்டே; ஆதலால், பிள்ளைகள் உதவாமல் பெரியோரின் விருந்து நிறைவுறாது.

விருந்தின் தொடக்கத்தில், பசித்தோர் எவராயினும் வந்து உண்ணலாம் என்று அழைப்பு விடுக்கின்றனர். ஊரை விட்டுத் தொலைவில் வாழும் மாணவர்களும், தனித்து வாழும் முதியோரும் நண்பர் இல்லங்களில் அவ்விரவில் இடம் பெறுவர்.

நாட்டுக்கு நாடு வேறு சுவை

கதை ஒன்றேயாயினும் சுவை ஒன்றன்று. போலந்து, இரசியா முதலிய நாடுகளின் யூதர் ஹரோசெத்தை அப்பிள், வால்நட் பருப்பு, கறுவா, மது ஆகியவை கொண்டு செய்தனர். ஈராக்கில் வாழ்ந்தோர் பேரீச்சம்பழப் பாகிலே பருப்பைக் கலந்தனர். அந்தந்த நாட்டுச் சந்தையிற் கிடைத்ததே அந்தந்தக் குடும்பத்தின் மரபாயிற்று.

சோறுண்ணும் நம்மவர்க்கு வியப்பளிக்கும் செய்தி ஒன்றும் உண்டு. கிழக்கு ஐரோப்பிய யூதர் பஸ்கா நாட்களில் அரிசியையும் பருப்பு வகைகளையும் நெடுங்காலமாக விலக்கி வந்தனர். ஈராக்கிய யூதரோ அரிசியை விடவில்லை. வேறு தானியம் ஒன்றேனும் கலந்துவிடாதபடி மணி மணியாய் மும்முறை ஆராய்ந்து சமைத்தனர். இவ்விரு மரபினரும் ஒரே குடும்பத்தில் மணம் செய்து கொண்டால், எந்தப் பாட்டியின் வழக்கத்தைப் பின்பற்றுவது என்பதே முதல் ஆராய்ச்சியாகிவிடும்!

நண்பர் வீட்டுக்கு ஒரு தட்டு

ஏனைய விழாக்களும் இவ்வாறே சுவையால் நினைவுகூரப்படுகின்றன. புத்தாண்டில் அப்பிள் துண்டைத் தேனில் தோய்த்து, இனிய ஆண்டை வேண்டுவர். ஒரு நாளைக்குரிய எண்ணெய் எட்டு நாட்கள் எரிந்த அற்புதத்தைப் போற்றும் ஹனுக்கா விழாவில், எண்ணெயிற் பொரித்த பண்டங்களே சிறப்பு. உருளைக்கிழங்கைத் துருவிப் பொரித்த ‘லட்கே’ அவற்றுட் பேர்பெற்றது. பூரிம் விழாவிலோ, ஒரு நண்பருக்கேனும் இருவகை உணவு அனுப்புதலும், இரு ஏழைகளுக்கேனும் கொடை வழங்குதலும் கடமைகளாம். அன்று தட்டுகளை ஏந்தி வீடு வீடாய்ச் செல்வது சிறுவர்க்குப் பெருமகிழ்ச்சி.

வாரந்தோறும் வரும் ஓய்வுநாளிலே தீ மூட்டலாகாது. ஆகவே இறைச்சி, அவரை, தானியம் ஆகியன நிறைந்த பானையை வெள்ளி மாலைக்கு முன்பே அடுப்பேற்றி, மறுநாள் நண்பகல்வரை இளஞ்சூட்டில் வேகவிடுவர். கிழக்கு ஐரோப்பியச் சிற்றூர்களிற் பல குடும்பங்களின் பானைகள் பேக்கரிக்காரரின் அடுப்பில் ஒன்றாக இருந்து வெந்தன.

பசியோடு எழுதிய சமையற் குறிப்புகள்

இங்ஙனம் தாயிடமிருந்து மகள் கற்று வந்த சமையலுக்கு வந்த பெருஞ் சோதனையையும் சொல்லியாக வேண்டும். 1941ஆம் ஆண்டில், இன்றைய செக் நாட்டிலுள்ள தெரெசின் என்னும் கோட்டை நகரை நாசிகள் யூதரை அடைத்து வைக்கும் முகாமாக்கினர். அங்கே கொண்டுவரப்பட்டோர் ஏறத்தாழ 140,000 பேர். பசியாலும் நோயாலும் அங்கேயே மாண்டோர் ஏறத்தாழ 33,000 பேர். கிழக்கேயிருந்த கொலைக்களங்களுக்கும் பிற முகாம்களுக்கும் அனுப்பப்பட்டோர் ஏறத்தாழ 90,000 பேர்.

அம்முகாமிற் பசித்துக் கிடந்த பெண்கள் தம்முட் பேசிக்கொண்டது சமையலைப் பற்றியே. ஒரு பண்டத்தைச் செய்யும் சரியான முறை எது என்று வாதாடவும் செய்தனர். ‘வாயாற் சமைத்தல்’ என்று அதற்குப் பெயர். அவர்களுட் சிலர் தம் நினைவிலிருந்த செய்முறைகளைக் காகிதங்களில் எழுதினர். அவை கையால் தைக்கப்பட்டு ஒரு சிறு ஏடாயின. சிலவற்றில் சேர்க்க வேண்டிய பொருள் விடுபட்டிருக்கின்றது. சிலவற்றிற் செய்முறை குறைபட்டிருக்கின்றது. வாடிய உடலும் தளர்ந்த நினைவும் அவ்விடைவெளிகளில் தெரிகின்றன.

அவ்வேட்டைக் காத்தவர் மினா பெக்டர் என்னும் மூதாட்டி. தாம் பிழைக்கமாட்டார் என உணர்ந்த அவர், அதனை நண்பர் ஒருவரிடம் கொடுத்து, எவ்வாறேனும் தம் மகளிடம் சேர்க்குமாறு வேண்டினார். 1944ஆம் ஆண்டு, யூதர் உண்ணாநோன்பு இருக்கும் ‘யோம் கிப்பூர்’ நாளிலே அவர் உயிர் பிரிந்தது. ஏடோ பல கைகள் மாறி, கடல் கடந்து, ஏறத்தாழ 25 ஆண்டுகளின் பின்னரே நியூ யோர்க்கில் வாழ்ந்த மகளை அடைந்தது. தாயின் கையெழுத்தைக் கண்ட மகளால் மேலே வாசிக்க இயலவில்லை, மூடி வைத்துவிட்டார். நெடுநாட் சென்ற பின்னரே மீண்டும் திறக்கும் துணிவு அவருக்கு வந்தது. 1996ஆம் ஆண்டில் அவ்வேடு ஆங்கில நூலாக வெளிவந்தது. அதனை மொழிபெயர்த்தவரும் தெரெசினில் அடைபட்டிருந்து மீண்ட பெண்மணி ஒருவரே.

அடுப்பும் இல்லை, மாவும் இல்லை, விருந்தினரும் இல்லை. ஆயினும், என்றேனும் ஒரு நாள் ஒரு மகள் வந்து, ‘இதை எப்படிச் செய்வது?’ என்று கேட்பாள் என அவர்கள் நம்பினர் போலும். கேட்கப்படாத கேள்விக்கு முன்கூட்டியே எழுதிவைத்த விடையன்றோ அவ்வேடு!

சேதர் இரவிற் சிறு பிள்ளை கேட்கும் கேள்வியின் அருமை இதனால் விளங்கும். சமைத்தவரிடத்திற் கதை இருக்கின்றது. கேட்பவர் இருந்தால் அது அடுத்த தலைமுறைக்குச் செல்கின்றது. மாணவர்காள்! வீட்டு மேசையில் உங்களோடு அமர்ந்திருக்கும் முதியோர் முகத்தை இன்றே ஒருமுறை நோக்குங்கள். கேட்க வேண்டிய கேள்வி ஏதேனும் உங்களிடம் இருத்தல் கூடும்.