கூட்டுச் சம்பள வழக்கில் 14 நாள் கணக்கு

அமெரிக்கத் தொழிலாளர்கள் ஓவர்டைம் பாக்கிக்காகக் கூட்டாகப் போடும் வழக்குகளைப் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்து வருகிறேன். அதில் தீர்ப்பை விட முக்கியமாக எனக்குப் பட்டது மேல்முறையீட்டுக்கான கால அவகாசம்தான்.

ஃபெடரல் கோர்ட்டில் இதற்கு இரண்டு வழி உண்டு. 1938-ல் வந்த ஃபேர் லேபர் ஸ்டாண்டர்ட்ஸ் சட்டத்தின்படி போனால், ஒவ்வொருவரும் எழுத்தில் சம்மதம் கொடுத்துச் சேரணும். மாநிலச் சம்பளச் சட்டத்தின்படி கிளாஸ் ஆக்‌ஷனாகப் போனால் எல்லாருமே உள்ளே. வேண்டாம் என்பவர் மட்டும் விலகிக்கொள்ளலாம். பல வழக்குகளில் இரண்டும் சேர்ந்தே வரும். ஐயோவாவில் டைசன் நிறுவனத்தின் பன்றி இறைச்சி ஆலை வழக்கில், கையெழுத்துப் போட்டுச் சேர்ந்தவர்கள் 444 பேர், கிளாஸில் இருந்தவர்கள் 3,344 பேர்! பாதுகாப்பு உடை மாட்டிக் கழற்றும் நேரத்துக்குச் சம்பளம் கேட்ட வழக்கு அது. 2016-ல் உச்ச நீதிமன்றம் தொழிலாளர் பக்கம் தீர்ப்பளித்தது.

சரி, நடுவில் நீதிபதி "நீங்கள் கூட்டாகப் போக முடியாது" என்று சொல்லிவிட்டால்?

கிளாஸ் ஆக்‌ஷன் என்றால், 14 நாளுக்குள் மேல் கோர்ட்டில் அனுமதி கேட்கணும். கொடுப்பதும் மறுப்பதும் அவர்கள் இஷ்டம். முதலாளி தரப்புக்கும் இதே கெடுதான். இதில் சலுகையே கிடையாது. சத்து மாத்திரை வாங்கியவர்கள் போட்ட ஒரு வழக்கில், மறுபரிசீலனை மனுவுக்கு நீதிபதியே நாள் குறித்துக் கொடுத்தார். வக்கீல் அதன்படி 20-வது நாள் தாக்கல் செய்தார். மனு தள்ளுபடியானதும் 14 நாளில் மேலே போனார். 2019-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது: காலம் கடந்துவிட்டது. முதல் 14 நாளுக்குள்ளேயே மறுபரிசீலனை கேட்டிருந்தால் கணக்கு புதிதாகத் தொடங்கியிருக்கும்.

சம்மதம் கொடுத்துச் சேரும் வழக்கில் இந்த வாசலே இல்லை. நீதிபதியே ஒப்புக்கொண்டு கேள்வியை மேலே விட்டால்தான் உண்டு. பொதுவாக, வழக்கு முழுசாக முடிந்த பிறகு 30 நாளில் அப்பீல். ஆனால் வெளியே அனுப்பப்பட்டவர்கள் அதுவரை சும்மா இருக்க முடியாது. சம்பளப் பாக்கி கேட்க 2 வருஷம்தான். முதலாளி தெரிந்தே செய்திருந்தால் 3. தனியாக வழக்குப் போடாவிட்டால் பழைய வாரங்களின் கூலி ஒவ்வொன்றாகக் கைநழுவிப் போகும்.

ஆகவே காலண்டரில் முதலில் வட்டம் போட வேண்டியது, "கூட்டாகப் போகலாமா, கூடாதா" என்ற உத்தரவு வந்த தேதிக்கு. இறுதித் தீர்ப்பு வரட்டும் என்று இருந்தால் 14 நாள் எப்போதோ ஓடிப்போயிருக்கும்.