பழைய 500 ரூபாய் நோட்டும் சுசீந்திரம் தெருவும்... ஒரு சிற்பியின் கதை!

2016 நவம்பர் 8-ம் தேதி இரவு செல்லாமல்போன பழைய 500 ரூபாய் நோட்டு ஞாபகம் இருக்கிறதா? முன்பக்கம் காந்தியின் முகம். பின்பக்கம்? கோலூன்றி முன்னால் நடக்கும் காந்தி, அவருக்குப் பின்னால் ஒரு சிறு கூட்டம். வங்கி வாசலில் மணிக்கணக்கில் அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றோமே தவிர, அது ஒரு சிற்பத்தின் படம் என்பதைக் கவனித்தவர்கள் ரொம்பக் குறைவு.

டெல்லியில் சர்தார் படேல் சாலை ஓரமாக நிற்கும் `கியாரா மூர்த்தி'தான் அது. பதினோரு உருவங்கள் என்று அர்த்தம். தண்டி யாத்திரையைச் சொல்லும் சிற்பம். அதை வடித்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. 1899-ல் இன்றைய வங்கதேசத்தின் ரங்கப்பூர் பக்கம் பிறந்த வங்காளி. ஆனால் அவர் வாழ்க்கையின் முக்கியமான 28 வருடங்கள் கழிந்தது நம்ம சென்னையில்தான். 1929-ல் மெட்ராஸ் ஓவியக் கல்லூரிக்கு முதல்வரானார். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் இந்தியர் அவர். 1957 வரை அங்கேயே இருந்தார். சிற்பி மட்டுமல்ல... ஓவியர், கதை எழுதுபவர், புல்லாங்குழல் வாசிப்பவர், மல்யுத்தம் பழகியவர். கடைசியாகச் சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மெரினாவுக்குப் போகும்போது தேவைப்படும்.

அதற்கு முன்னால் நாஞ்சில் நாட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது. இவர் உலோகத்தில் சொன்ன கதைகளில் ஒன்று நம்ம குமரி மாவட்டத்துக்காரர்கள் அடி வாங்கி எழுதிய கதை.

நடக்கக் கூடாத தெரு

சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலுக்குப் போகிறவர்கள் பார்ப்பதெல்லாம் தெரிந்தவைதான். 134 அடி கோபுரம், தட்டினால் பாடும் இசைத்தூண்கள், 18 அடி ஆஞ்சநேயர். பார்த்துவிட்டு வெளியே வந்து தேரோடும் வீதியில் நின்று டீ குடிப்பார்கள். சுமார் நூறு வருடங்களுக்கு முன்னால் அந்த வீதியில் எல்லோராலும் நிற்க முடியாது. கோயிலுக்குள் போவதை விடுங்கள், கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் கால் வைக்கவே தாழ்த்தப்பட்ட சாதியினர் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு அனுமதி இல்லை. நாஞ்சில் நாடு அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்குள் இருந்தது.

1924-ல் வைக்கத்தில் போராட்டம் நடந்தது நாடறிந்த விஷயம். அதே நெருப்பு 1926-ல் சுசீந்திரத்தில் பற்றியது. நாகர்கோவிலைச் சேர்ந்த டாக்டர் எம்.ஈ.நாயுடு முன்னால் நின்றார். சத்தியாகிரகிகள் தெருவில் நடக்கப் போனார்கள், தடுக்கப்பட்டார்கள், தாக்கப்பட்டார்கள். பலன் கிடைக்கவில்லை. 1930-ல் மறுபடியும் தொடங்கினார்கள். காந்தி உப்பெடுக்க தண்டிக்கு நடந்ததும் அதே வருடம்தான். அங்கே கடற்கரைக்கு நடந்தார்கள், இங்கே கோயில் தெருவில் நடக்கப் பார்த்தார்கள்.

அவ்வளவு ஏன், காந்திக்கே இந்த ஊரில் கதவு முழுசாகத் திறக்கவில்லை. 1925-ல் கன்னியாகுமரி கோயிலுக்கு வந்தவரைக் கருவறைப் பக்கம் விடவில்லை. காரணம், அவர் கடல் தாண்டி இங்கிலாந்து போய்வந்தவர்!

1936 நவம்பர் 12-ல் மன்னர் சித்திரைத் திருநாள் பாலராம வர்மா கோயில் நுழைவுப் பிரகடனத்தை வெளியிட்டார். சமஸ்தான அரசின் கட்டுப்பாட்டில் இருந்த கோயில்கள் இந்துக்கள் எல்லோருக்கும் திறந்தன. 1937 ஜனவரியில் காந்தி மறுபடி வந்தார், இந்த முறை திருவிதாங்கூர் கோயில்களுக்கு யாத்திரையாக.

இந்தப் பிரகடனத்தைத்தான் ராய் சௌத்ரி வெண்கலத்தில் புடைப்புச் சிற்பமாகச் செய்தார், திருவனந்தபுரத்துக்காக. புடைப்புச் சிற்பம் என்றால் தனியாக நிற்கும் சிலை அல்ல. பலகை போன்ற பரப்பில் உருவங்கள் முன்னால் துருத்திக்கொண்டு தெரியும். கோயில் சுவர்களில் ராமாயணக் காட்சிகளைப் பார்த்திருப்பீர்களே, அதே முறை. ஒரு கூட்டத்தையும் ஒரு சம்பவத்தையும் ஒரே பரப்பில் சொல்ல இதைவிட வசதி கிடையாது. புராணம் சொல்லிக்கொண்டிருந்த முறையில், அன்றைய செய்தித்தாளில் வந்த விஷயத்தைச் சொன்னார் என்பதுதான் இதில் விசேஷம். கோயில் சுவருக்கு வெளியே நிறுத்தப்பட்ட மனிதர்களின் கதை, கோயில் சுவரின் பாணியிலேயே சொல்லப்பட்டது.

நாலு பேர், ஒரு பாறை

சென்னை மெரினாவில் அண்ணா சதுக்கம் பக்கம் இருக்கும் உழைப்பாளர் சிலை 1959 ஜனவரி 25-ல் திறக்கப்பட்டது. நாலு பேர் சேர்ந்து ஒரு பெரிய பாறையை நகர்த்துகிறார்கள். அவ்வளவுதான் கதை. யாருக்கும் பெயர் இல்லை, யாரும் நம்மைப் பார்க்கவில்லை, போஸ் கொடுக்கவில்லை. கை நீட்டிப் பேசும் தலைவர்கள் வரிசையாக நிற்கும் கடற்கரையில், முதுகை வளைத்து வேலை பார்ப்பவர்கள் இவர்கள் மட்டும்தான்.

உடம்பைப் பாருங்கள். தொடை, கெண்டைக்கால், முதுகு எல்லாம் முறுக்கேறியிருக்கும். பலம் கால் பெருவிரலில் தொடங்கி தோள் வழியாகப் பாறைக்குப் போவது தெரியும். மல்யுத்தக்காரருக்குத்தான் அது தெரியும் என்று தோன்றுகிறது. கல்லூரியின் காவலாளி ஒருவரும் மாணவர் ஒருவரும் இதற்கு மாடலாக நின்றதாகச் சொல்வார்கள். மேற்பரப்பும் வழவழப்பாக இருக்காது. களிமண்ணை அப்பிய விரல்தடம் உலோகத்திலும் தெரிகிற மாதிரி மேடு பள்ளமாக இருக்கும். பிரான்ஸின் ரோதான் பாணியின் தாக்கம் அது.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். நாலு பேரும் ஆண்கள். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்து ஆட்கள் இந்தச் சிலையைப் பார்த்தால், `முந்திரி ஆலையில் நாள் முழுக்கத் தோடு உடைக்கிற பெண்கள் எங்கே? தலையில் கூடை சுமந்து மீன் விற்கிறவங்க எங்கே?' என்று கேட்கத் தோன்றும். கேட்க வேண்டிய கேள்விதான். உழைப்பென்றால் தசை என்று ராய் சௌத்ரி நினைத்திருக்கலாம்.

ஆனால் அவருக்குத் தசை மட்டுமே தெரியும் என்றும் சொல்லிவிட முடியாது. `குளிர்காலம் வரும்போது' என்ற அவருடைய சிற்பத்தில், ஒரு வயசானவர் குளிரில் ஒடுங்கி உட்கார்ந்திருப்பார். எலும்பும் சுருக்கமும்தான் அங்கே. கம்பளி வாங்க வழியில்லாத ஒருவருக்கு வெண்கலச் சிலை என்பது, அந்தக் காலத்தில் யாரும் யோசிக்காத காரியம்.

பாட்னாவில் இருப்பது இன்னும் கனமானது. 1942 ஆகஸ்ட் 11-ல் தலைமைச் செயலகத்தில் தேசியக் கொடி ஏற்றப்போன ஏழு மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த ஏழு பேரும் ஆள் உயரத்தில், வெண்கலத்தில் நிற்கிறார்கள். நிற்கிறார்கள் என்பது தப்பு. கொடியோடு ஒருவர் முன்னால் போக, மற்றவர்களில் சிலர் விழுந்துகொண்டிருக்கிறார்கள். ஒரு நிமிடச் சம்பவத்தின் தொடக்கமும் முடிவும் ஒரே சிற்பத்தில் இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போனால், ஆசிரியர் எதுவும் விளக்க வேண்டியிருக்காது.

முடிக்காமல் போன நடை

சென்னைக் கல்லூரியில் அவருக்குப் பிறகு முதல்வரானவர், அவரிடமே படித்த கே.சி.எஸ்.பணிக்கர். 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியவர். இன்னொரு மாணவர் சிற்பி எஸ்.தனபால். இந்தத் தலைமுறை, குருவின் பாணியை அப்படியே பின்பற்றவில்லை. நாட்டுப்புறக் கலை, கோடு, குறியீடு என்று வேறு பக்கம் போனது. ராய் சௌத்ரியின் வேலைகள் பழைய ஐரோப்பியப் பாணி என்று ஒதுக்கப்பட்டதும் உண்டு. கலை விமர்சகர்கள் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தாலும், மே தினத்துக்கு மாலையோடு போகிறவர்கள் உழைப்பாளர் சிலைக்குத்தான் போகிறார்கள்.

அவர் கடைசிக் காலத்தில் கையில் எடுத்தது தண்டி யாத்திரை. சபர்மதியிலிருந்து காந்தியோடு கிளம்பிய தொண்டர்களில் பெண்கள் கிடையாது. ராய் சௌத்ரியின் பதினோரு பேரில் பெண்களும் உண்டு, பல மதத்தினரும் உண்டு. நடந்ததை அப்படியே படம் பிடிப்பதைவிட, அந்த நடை யாருக்காக என்று சொல்வதுதான் அவருக்கு முக்கியமாக இருந்திருக்கிறது. மெரினாவில் விட்டதை டெல்லியில் சேர்த்துக்கொண்டார் என்றும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதை நிறுவிப் பார்க்க அவருக்கு ஆயுள் இல்லை. 1975-ல் இறந்தார். சிற்பம் அதற்கப்புறம்தான் டெல்லிச் சாலைக்கு வந்தது, அங்கிருந்து நம்ம பர்ஸுக்கும்.

அடுத்த முறை சென்னைக்குப் போகும்போது உழைப்பாளர் சிலைக்கு முன்னால் செல்ஃபி எடுத்ததும் கிளம்பிவிடாதீர்கள். ஒருமுறை பின்பக்கமாகச் சுற்றி வாருங்கள். கடைசி ஆளின் பாதத்தைப் பாருங்கள். விரல்கள் தரையைப் பற்றியிருக்கும், குதிகால் தூக்கியிருக்கும். பாறை இன்னும் நகரவில்லை.