ஸ்கேன் நார்மல்... ஆனாலும் தீராத வயிற்றுவலி! காரணம் மூளையின் ‘உதவி செல்களா’?

ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், எண்டோஸ்கோப்பி என எல்லாம் எடுத்தாகிவிட்டது. ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்றே வருகிறது. ஆனால், மாதக்கணக்கில் வயிற்றுவலி போகவில்லை. ‘எல்லாம் மனப்பிரமை’, ‘ஸ்கூலுக்கு மட்டம் போட நடிக்கிறான்’ என்று வீட்டிலேயே பேச ஆரம்பித்துவிடுவார்கள். பலருக்கு வலியைவிட அந்தப் பேச்சுதான் அதிகம் வலிக்கும்.

உண்மையில், இது நடிப்பல்ல. குடலில் புண்ணே இல்லாவிட்டாலும், வலியைக் கடத்தும் நரம்புப் பாதையில் மாற்றம் நடந்திருக்கலாம். அதில் ‘கிளையல் செல்’களுக்கு முக்கியப் பங்கு உண்டு என்கின்றன ஆய்வுகள்.

பெயரே ‘பசை’தான்!

மனித மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான்கள் இருக்கின்றன. அவற்றுக்குத் துணையாக இருப்பவை கிளையல் செல்கள். கிரேக்க மொழியில் ‘கிளையா’ என்றால் பசை. நியூரான்களை ஒட்டிவைக்கும் பசை என்று நினைத்து, 19-ம் நூற்றாண்டில் ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்சோ வைத்த பெயர் இது.

ஆனால், இவற்றின் வேலை அதைவிடப் பெரியது. ‘ஆஸ்ட்ரோசைட்’ செல்கள் நியூரான்களுக்குச் சத்து கொடுத்து, மிஞ்சும் ரசாயனங்களை அகற்றுகின்றன. ‘மைக்ரோகிளியா’ செல்கள் காவலாளிகள். கிருமியோ காயமோ வந்தால் உடனே விழித்துக்கொள்ளும்.

விசிலை நிறுத்தாத காவலாளி

குடல் தொற்று, கணைய அழற்சி, நீண்டநாள் மன அழுத்தம் போன்றவற்றால் இந்தக் காவலாளிகள் தூண்டப்படலாம். தண்டுவடத்திலும் மூளையிலும் அவை அழற்சி ரசாயனங்களைச் சுரக்க, நியூரான்கள் கூருணர்வு அடைகின்றன. ஒருமுறை திருடனைப் பார்த்துவிட்ட வாட்ச்மேன், அப்புறம் பூனை போனாலும் விசில் அடிப்பதைப்போலத்தான் இது. சாதாரணமாகத் தெரியவே தெரியாத வாயு நகர்வுகூட வலியாக உணரப்படும். ‘ஐ.பி.எஸ்’ எனப்படும் குடல் எரிச்சல் பிரச்னையில் காணப்படும் அதீத வலி உணர்வுக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

குட்டியிலேயே தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட எலிகளுக்கு, வளர்ந்த பிறகு குடல் வலி உணர்வு அதிகமாக இருப்பது ஆய்வுகளில் தெரியவந்தது. மைக்ரோகிளியாவை அடக்கும் ‘மினோசைக்ளின்’ மருந்து எலிகளின் வலியைக் குறைத்தது. ஆனால், அது ஓர் ஆன்டிபயாடிக். மனிதர்களின் வயிற்றுவலிக்கான சிகிச்சையாக அது இன்னும் வரவில்லை. மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்கிச் சாப்பிடக் கூடாது.

இப்போது என்ன வழி?

மனச்சோர்வுக்குத் தரப்படும் ‘அமிட்ரிப்டிலின்’ மாத்திரையை டாக்டர் எழுதினால், ‘எனக்கென்ன மனநோயா?’ என்று பலர் பதறுகிறார்கள். குறைந்த அளவில் அது குடல்-மூளை வலிப் பாதையைத் தணிக்கத் தரப்படுகிறது. இங்கிலாந்தில் 463 ஐ.பி.எஸ் நோயாளிகளிடம் நடந்து, 2023-ல் வெளியான ‘அட்லான்டிஸ்’ ஆய்வில் நல்ல பலன் தெரிந்தது. மனநல ஆலோசனை, நடைப்பயிற்சி, நல்ல தூக்கம் ஆகியவையும் உதவும்.

இவற்றை அலட்சியப்படுத்தாதீர்கள்!

மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, ரத்தசோகை, காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் வலி... இவற்றில் எது இருந்தாலும் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

வீட்டில் யாராவது வயிறு வலிக்கிறது என்றால், ‘நடிக்கிறியா?’ என்று கேட்க வேண்டாம். ‘எங்கே வலிக்குது, எப்போ வலிக்குது?’ என்று கேட்டுக் குறித்து வையுங்கள். டாக்டருக்கு அந்தக் குறிப்பு உதவும். வலிப்பவருக்கு அந்தக் கேள்வியே பாதி ஆறுதல்.