ரூபி நிரல்மொழியில் பட்டியலைத் தொடராக்குதலும் தமிழ் எண்ணும்மையும்

கணிப்பொறியில் பட்டியலாகச் சேமிக்கப்பெற்ற பெயர்களைப் படிக்கத்தக்க தொடராக மாற்றுதல் சிறு பணியாகத் தோன்றும். எனினும், மொழிபெயர்ப்பாளர் எத்தகைய தொடரை எழுத இயலும் என்பதை அதுவே வரையறுத்துவிடுகின்றது.

1995இல் வெளியான ரூபி நிரல்மொழியின் 'ஜாயின்' என்னும் செயல்முறை, உறுப்புகளுக்கிடையே ஒரே இணைப்பை இடுகின்றது. ரூபியில் எழுதப்பெற்று 2004இல் வெளிவந்த ரெயில்ஸ் சட்டகத்தின் 'டூ சென்டென்ஸ்' செயல்முறை மூன்று இணைப்புகளை ஏற்கின்றது: உறுப்புகள் இரண்டேயாயின் ஒன்று, பலவாயின் அவற்றிடையே ஒன்று, இறுதி உறுப்பிற்குமுன் ஒன்று. இவற்றை மொழிதோறும் மாற்றலாம். ஆயின் மூன்றும் உறுப்புகளுக்கு இடையில் நிற்பவையே.

தமிழ் எண்ணும்மையோ ஒவ்வோர் உறுப்பின் ஈற்றிலும் வருவது. மா, பலா, வாழை என்பன மாவும் பலாவும் வாழையும் என உடம்படுமெய் பெறுகின்றன. தேக்கு என்பது உகரம் கெட்டுத் தேக்கும் என்றாகின்றது. வேற்றுமை ஏற்பின், மாவையும் பலாவையும் என உருபு உம்மைக்குமுன் வரும். ஆகவே, புணர்ச்சி விதிகளை நிரலில் அமைத்து, 'மேப்' செயல்முறையால் ஒவ்வொரு சொல்லையும் உரிய வடிவிற்கு மாற்றி, பின்னரே 'ஜாயின்' கொண்டு இணைத்தல் வேண்டும். இதற்கு வழியில்லாதவிடத்து, இறுதி உறுப்பிற்குமுன் 'மற்றும்' என்பதை இட நேர்கின்றது.

எளிய மாற்று ஒன்றுண்டு. 'மா, பலா, வாழை ஆகியவற்றை' என்னும் அமைப்பில் உறுப்புகள் திரிவதில்லை. ஈற்றுச் சொல்லே வேற்றுமை ஏற்கின்றது. ஆயினும் உறுப்பு ஒன்றேயாயின் அச்சொல் பொருந்தாது. மக்கட்பெயர்களாயின் 'ஆகியோரை' என வரும். எனவே எண்ணிக்கையையும் திணையையும் நிரல் அறிந்திருத்தல் வேண்டும். மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டுப் பெறத்தக்கது இணைப்புச் சொல்லன்று; தொடராக்க விதியே.