'தம்'மை விட்டொழிக்க சூயிங்கமா, பிளாஸ்திரியா? யாருக்கு எது சரிப்படும்?

நாமக்கல்: லாரி, ரிக் வண்டி, கோழிப்பண்ணை, வெள்ளிப் பட்டறை என்று ராத்திரி பகல் பார்க்காமல் உழைக்கும் சேலம், நாமக்கல் பக்கத்தில் டீயும் தம்மும் இணைபிரியாத ஜோடி. "ஒரு தம் போட்டாத்தானுங்க தூக்கம் கலையும்" என்பது டிரைவர்கள் வாயில் சாதாரணமாக வரும் வார்த்தை.

விட வேண்டும் என்று நினைப்பவர்களும் நிறைய இருக்கிறார்கள். மெடிக்கலில் ஒரு அட்டை நிகோடின் சூயிங்கம் வாங்குகிறார்கள். ரெண்டு நாள் மென்று பார்த்துவிட்டு, "ஒண்ணும் வேலைக்கு ஆகல" என்று மறுபடியும் பெட்டிக்கடைக்கே போய்விடுகிறார்கள்.

கோளாறு பெரும்பாலும் மருந்தில் இல்லை. தனக்கு எது ஏற்றது என்று பார்த்து வாங்காததும், பயன்படுத்தும் முறை தெரியாததும்தான் காரணம்.

நிகோடினுக்கு நிகோடினா?

"நிகோடினை விட நிகோடினையே சாப்பிடுவதா?" என்று பலர் கேட்பதுண்டு. சிகரெட், பீடி புகையில் 7 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரசாயனங்கள் இருக்கின்றன. இதில் சுமார் 70 புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை. ஆளை அடிமையாக்குவது நிகோடின். நுரையீரலை நாசமாக்குவது புகை. புகையே இல்லாமல் கொஞ்சமாக நிகோடினை மட்டும் கொடுத்து, அதையும் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவதுதான் இந்த வைத்தியம்.

இந்த யோசனை பிறந்தது சுவீடன் நாட்டில். நீர்மூழ்கிக் கப்பலுக்குள் சிகரெட் பிடிக்க முடியாத மாலுமிகள், புகையிலையை வாயில் அடக்கி சமாளித்தார்கள். அதைக் கவனித்துத்தான் நிகோடின் சூயிங்கம் தயாரிக்கப்பட்டது. 1978ல் சுவிட்சர்லாந்தில் விற்பனைக்கு வந்தது. இந்தியாவின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலிலும் இந்த வைத்தியம் 2022ல் சேர்க்கப்பட்டது.

முதல் தம் எப்போது?

காலையில் கண் விழித்து அரை மணி நேரத்துக்குள் பற்ற வைப்பவரா? அப்படியானால் பழக்கம் முற்றியிருக்கிறது என்று அர்த்தம். இவர்களுக்கு 4 மில்லி கிராம் சூயிங்கம் தேவைப்படும். இதை டாக்டர் சீட்டோடு வாங்க வேண்டும். அரை மணி நேரத்துக்குப் பிறகு பிடிப்பவர்களுக்கு 2 மில்லி கிராம் போதும். இது சீட்டு இல்லாமலே மெடிக்கலில் கிடைக்கும்.

பபிள்கம் மாதிரி மெல்லாதீங்க!

எல்லோரும் தப்பு பண்ணுவது இங்கேதான். இதை சவக் சவக்கென்று மென்று முழுங்கினால் விக்கலும், நெஞ்செரிச்சலும், குமட்டலும்தான் மிச்சம். மெதுவாக சில தடவை மெல்ல வேண்டும். நாக்கில் மிளகு மாதிரி சுருக்கென்று காரம் தட்டியதும் மெல்லுவதை நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி விட வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி மெல்லலாம். இப்படி ஒன்றை அரை மணி நேரம் வைத்திருக்கலாம். நிகோடின் வாய்ச் சதை வழியாகத்தான் ரத்தத்தில் சேர வேண்டும்.

மெல்லுவதற்கு 15 நிமிஷம் முன்னாலிருந்தே டீ, காபி, கூல் டிரிங்க்ஸ், ஜூஸ் கூடாது. வாயில் புளிப்பு இருந்தால் நிகோடின் இறங்காது. டீக்கடையில் டீ குடித்த கையோடு வாயில் போடுபவர்களுக்கு வேலை செய்யாததற்கு இதுவும் காரணம்.

முதல் 6 வாரத்துக்கு 1 முதல் 2 மணி நேரத்துக்கு ஒன்று என்பது கணக்கு. ஒரு நாளில் 24க்கு மேல் கூடாது. பிறகு குறைத்துக்கொண்டே வந்து 12 வாரத்தில் நிறுத்த வேண்டும். பல் செட் கட்டியவர்கள், தாடை வலி உள்ளவர்கள் சப்பும் வகை மாத்திரையை டாக்டரிடம் கேட்கலாம்.

பிளாஸ்திரி யாருக்கு?

அடிக்கடி மெல்ல முடியாதவர்களுக்கு பிளாஸ்திரி வசதி. ஒரு நாளைக்கு ஒன்று ஒட்டினால் நிகோடின் சீராக இறங்கும். தினமும் 10 சிகரெட்டுக்கு மேல் பிடிப்பவர்களுக்கு வழக்கமாக 21 மில்லி கிராமில் ஆரம்பித்து 14, 7 என்று குறைப்பார்கள். நம்ம ஊர் வெயிலுக்கு வியர்வையில் கழன்று விடாமல் இருக்க, முடி இல்லாத, ஈரம் துடைத்த இடத்தில் ஒட்டி 10 வினாடி அழுத்திப் பிடிக்கவும். தினமும் இடம் மாற்றி ஒட்டவும். ராத்திரி தூக்கம் கெட்டால் படுக்கும் முன் எடுத்து விடலாம்.

ஆனால் பிளாஸ்திரி மெதுவாகத்தான் வேலை செய்யும். திடீரென்று வரும் ஆசையை அடக்காது. அதனால் பழக்கம் முற்றியவர்களுக்கு பிளாஸ்திரியோடு சூயிங்கமும் சேர்த்துக் கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்ல பலன் தருவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. டாக்டர் யோசனைப்படி இதைச் செய்யலாம்.

நிகோடின் இல்லாத மாத்திரைகளும் உண்டு. அவற்றை டாக்டர்தான் எழுதித் தர வேண்டும். வண்டி ஓட்டுபவர்கள் அதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்லி விடவும்.

வேப் பிடிக்கும் பசங்க...

இங்கிலாந்தில் சிகரெட்டை விட வேப் பயன்படுத்தச் சொல்கிறார்கள் என்று சிலர் வாதம் செய்கிறார்கள். இந்தியாவில் 2019ல் வந்த சட்டப்படி இ-சிகரெட் விற்றால் முதல் தடவையே ஓராண்டு வரை ஜெயில் அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். திருட்டுத்தனமாக வரும் சரக்கில் நிகோடின் எவ்வளவு என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. எனவே வேப் பழக்கத்தை விட நினைப்பவர்கள் தாங்களாக மருந்து அளவு முடிவு செய்யாமல் டாக்டரிடம் போவதே நல்லது.

உஷார்!

சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், கர்ப்பிணிகள், 18 வயதுக்கு உட்பட்டவர்கள், வயிற்றுப்புண் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் எதையும் தொடக்கூடாது. குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்கவும். பயன்படுத்திய பிளாஸ்திரியிலும் நிகோடின் மிச்சம் இருக்கும்.

விட்ட முதல் 3 நாள்தான் ரொம்ப கஷ்டம். எரிச்சல், தலைவலி, தூக்கமின்மை எல்லாம் வரும். 2 முதல் 4 வாரத்தில் படிப்படியாக அடங்கும். அதனால் ஒரு அட்டையோடு கைவிட வேண்டாம். மத்திய அரசின் 1800 11 2356 என்ற இலவச நம்பரில் தமிழிலும் ஆலோசனை கிடைக்கும். எங்கேயும் தேடி அலைய வேண்டாம். சிகரெட் பாக்கெட் மேலேயே அச்சடித்திருக்கிறார்கள். பாக்கெட்டைத் தூக்கிப் போடும் முன் நம்பரை மட்டும் குறித்துக் கொள்ளுங்க!