குப்பி சொல்லும் வரலாறு

உணவு மேசையில் பானத்தை ஊற்றுதற்கென வைக்கப்படும் நீள்கழுத்துக் கண்ணாடிக் குடுவையை மேனாட்டார் 'டிகேன்டர்' என்பர். இக்கலம் ஆடம்பரத்திற்காகப் பிறந்ததன்று, தேவைக்காகப் பிறந்ததாகும். முற்காலத் தேறலின் அடியில் மண்டி தங்கும். அது கலங்காவண்ணம் தெளிவை மட்டும் இறுத்துப் பந்திக்குக் கொணர ஒரு கலம் வேண்டியிருந்தது.

இதற்கும் தமிழுக்கும் தொடர்பு யாது? புறநானூற்றின் 56ஆம் பாடலில் நக்கீரர், யவனர் கொணர்ந்த தேறலைப் பொற்கலத்தில் அருந்தி மகிழுமாறு பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார். அங்கு வரும் 'நன்கலம்' என்பது மரக்கலமா, பாண்டமா? 'கலம்' இரண்டையும் குறிக்கும். பழைய உரையாசிரியர் 'குப்பி' என்றே பொருள் கொண்டார். ஆயின் அக்குப்பி கண்ணாடியால் ஆனதென நாம் முடிவு செய்துவிடல் ஆகாது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் நடத்திய அகழாய்வில், தேறல் வந்த ரோமானிய மண்சாடிகளின் உடைசில்லுகளே கிடைத்தன. எனவே கொணர்ந்த கலம் மண், பருகிய கலம் பொன் எனக் கொள்வதே பொருந்தும். நம் உக்கடத்தை அடுத்த வெள்ளலூரில் கிடைத்த ரோமானியக் காசுகள், அவ்வணிகத்தில் கொங்கு நாட்டிற்கிருந்த பங்கினைக் காட்டும்.

கண்ணாடியை ஊதிக் கலஞ்செய்யும் கலை கி.மு. முதல் நூற்றாண்டில் சிரியா, பாலஸ்தீனப் பகுதியில் தோன்றியது. பிற்காலத்தில் இஸ்லாமிய உலகம் அதனைப் பேணி வளர்த்தது. மது விலக்கப்பட்ட இல்லங்களில் அக்கலம் நீருக்கும் சர்பத்துக்கும் பன்னீருக்கும் உரியதாயிற்று. திருக்குர்ஆன் (24:35) இறையொளிக்குக் கண்ணாடிக்குள் சுடரும் விளக்கையே உவமையாகக் காட்டுகிறது. பாரசீக 'ஷீஷா' தமிழில் 'சீசா' ஆயிற்று. 'கூஸா' 'கூஜா' ஆயிற்று. கலம் ஒன்றே, அதில் நிறைவதே அதன் தகுதியைத் தீர்மானிக்கிறது.

1670களில் இங்கிலாந்தில் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் என்பார் ஈயங்கலந்த ஒளிர்கண்ணாடியை உருவாக்கிப் புகழ் பெற்றார். அவ்வகைப் பழங்குப்பிகளில் பானத்தை நெடுநாள் வைப்பின் ஈயம் கரைந்து கலக்கும். ஆதலின், இல்லங்களில் அவற்றை வைத்திருப்போர் காட்சிப் பொருளாகப் போற்றுவதே நலம்.

பொருள் வழக்கொழியின் அதன் சொல்லும் உடன் மறையும். குப்பி, குடுவை, சீசா, கூஜா என நம் முதியோர் நாவில் வாழும் கலப்பெயர்களை மாணவர்கள் இன்றே கேட்டுத் தொகுப்பார்களாயின், அது தமிழுக்கு ஆற்றும் நற்றொண்டாக அமையும்.